பின் அறைக்கு ஒரு பெர்மிட்

மார்ச் 4

காலையில் டன்மேரி நகராட்சியிலிருந்து போன். பின் அறையை நாள் வாடகைக்கு விட நான் அனுமதி வாங்கவில்லையாம். என் வீடு, என் அறை, என் போர்வை. இதற்கு அனுமதியா? “உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு, கிளெனிஸ்” என்றாள் அந்தப் பெண், ரொம்ப மரியாதையாக. கொடுத்தது யார் என்று சொல்லக் கூடாதாம்.

சொல்லவே வேண்டாம். வேலிக்கு அந்தப் பக்கம் கெல்வின் ப்ரூ ரோஜாச் செடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தே பார்க்கவில்லை. கத்தரிக்க அந்தச் செடியில் ஒன்றும் மிச்சமில்லை.

சனிக்கிழமை வர இருந்த அடிலெய்ட் தம்பதியிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 5

நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார்.

மார்ச் 7

பிரிஸ்பேனிலிருந்து லாக்லன் பேசினான். “அம்மா, உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி? வீட்டை வித்துட்டு இங்க வந்துடு. ரூம் ரெடியா இருக்கு.”

அந்த ரூம் எனக்குத் தெரியும். அவன் மனைவி பிரியோனியின் உடற்பயிற்சி சைக்கிளும் நானும் அதில் சேர்ந்து வசிக்க வேண்டும். மகன் நல்லவன், மருமகளும் நல்லவள். அதுதான் பயம். நல்லவர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

என் கணவர் ராஸ் போனபின் கூரையும் வரியும் குளிர்காலமும் என் ஒருத்தி தலையில். பின் அறைக்கு ஆள் வந்தால் இந்த வீட்டில் இருப்பேன். வராவிட்டால் சைக்கிள்.

மார்ச் 12

நகராட்சிக்குப் போனேன். போனில் பேசிய பெண்ணின் பெயர் தம்சின். என் பேரப்பிள்ளை வயதுதான் இருக்கும், ஆனால் விதிகளை ஜபம் மாதிரி சொல்கிறாள். நான் அதே வீட்டில் குடியிருப்பதால் சுலபமாம். இதுவா சுலபம்? வருகிறவர்கள் காரை வீட்டு வளாகத்துக்குள் நிறுத்த இடம் வேண்டும். புகை அலாரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்று சுவரில் படம் மாட்ட வேண்டும். (ஒரே ஒரு கதவுள்ள அறை. படத்தில் என்ன வரைவது?) விண்ணப்பித்திருப்பதாக வேலியில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். அக்கம்பக்கத்தார் ஆட்சேபம் சொல்லலாம்.

“யாராவது சொல்லுவாங்களா?” என்று தம்சின் கேட்டாள்.

படிவத்தில் என் பெயரை எழுத ஆரம்பித்தேன்.

மார்ச் 20

அறிவிப்பு ஒட்டியாயிற்று. கெல்வின் அதை ஒரு கண்ணாடி போட்டுப் படித்தார். வீட்டுக்குள் போய் வேறு கண்ணாடி போட்டு வந்து மறுபடி படித்தார். துறைமுகத்தில் படகுப் பரிசோதகராக இருந்தவர். மனைவி மார்ஜ் இறந்ததிலிருந்து இந்த மனுஷனுக்குப் பரிசோதிக்க என் வீடுதான் இருக்கிறது.

“அறிவிப்பு கோணலா இருக்கு, அம்மணி.”

“கழுத்தைச் சாய்ச்சுப் படிங்க, கெல்வின்.”

ஏப்ரல் 2

அலாரம் மாட்ட எலெக்ட்ரீஷியன் வந்துபோனான். எல்லாம் இணைந்துவிட்டன. எவ்வளவு நன்றாக என்றால், மதியம் சமையலறையில் ரொட்டி கருகியதற்கு பின் அறை, கூடம், படுக்கையறை எல்லாம் சேர்ந்து அலறின. நாற்காலி மேல் ஏறித் துண்டை வீசிக்கொண்டிருந்தேன். பின்கதவு தடாலென்று திறந்தது. கெல்வின். கையில் அவர் தோட்டத்து ஹோஸ் பைப், தண்ணீர் ஓட ஓட.

ரொட்டி நனைந்தது. நானும் நனைந்தேன்.

“தீ எங்க?”

“தீ இல்ல. டோஸ்ட்.”

பைப்பைத் தாழ்த்தினார். ஏமாற்றமா நிம்மதியா, முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. தரையைத் துடைத்துக்கொடுத்துவிட்டுத்தான் போனார். போகும்போதுதான் கவனித்தேன், இடுப்பு வலியில் காலை இழுத்து இழுத்து நடக்கிறார். அந்த இடுப்போடு வேலியை எப்படித் தாண்டினார்?

ஏப்ரல் 4

ஆட்சேபம் கொடுத்துவிட்டார். ஏழு பக்கமாம். நேற்று முன்தினம் தரையைத் துடைத்த அதே கையால்! நகராட்சிக் குழு இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறது.

ஏப்ரல் 24

விசாரணை. நீல கார்டிகன் போட்டுப் போனேன். கெல்வின் டை கட்டி வந்திருந்தார். அந்த டையை மார்ஜின் இறுதிச் சடங்கில் பார்த்தது.

அவர்தான் முதலில் பேசினார். சரளைக் கல்லில் சூட்கேஸ் சக்கரம் உருளும் சத்தம். குப்பைத் தொட்டி தவறான நாளில் வெளியே வந்தது. யாரோ அவரைப் பார்த்து, முன்பின் தெரியாமலே, கையசைத்தது. கடைசியில் குழுத் தலைவியிடம் கேட்டார்: “இந்தம்மா மகனைப் பாக்கப் போயிருக்கும்போது ஏதாவது நடந்தா நான் யார்கிட்ட சொல்றது?”

நல்ல கேள்விதான் என்றாள் தலைவி. என் பக்கம் திரும்பினாள். சொந்தக்காரர் ஊரில் இல்லாத நாட்களில் புகாரைக் கேட்டு உடனே வந்து பார்க்கப் பக்கத்திலேயே ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும், அது விதி, யாரை வைத்திருக்கிறீர்கள் என்றாள். தம்சின் சொல்லியிருப்பாள். எனக்கு மறந்தே போயிற்று. தங்கை இருப்பது தூரத்தில், லான்செஸ்டனில். சிநேகிதி ஹெதருக்குக் காது கேட்காது. கண்முன் பிரியோனியின் சைக்கிள் வந்து நின்றது.

“கெல்வின்” என்று சொல்லிவிட்டேன்.



“நானா?”

“எப்படியும் புகார் எல்லாம் உங்ககிட்டதானே இருக்கு.”

யாரோ சிரித்தார்கள். கெல்வின் சிரிக்கவில்லை. டையைச் சரிசெய்தபடி யோசித்தார்.

“வர்றவங்களைச் சத்தம் போடாதீங்கன்னு நான் சொல்லலாமா?” என்று தலைவியிடம் கேட்டார்.

“சொல்லித்தான் ஆகணும். அதான் வேலையே.”

“குப்பைத் தொட்டி?”

“அதையும்.”

“அப்ப எனக்குச் சில நிபந்தனைகள் உண்டு” என்றார், பரிசோதகர் குரலில். ஏழு பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்து வந்தோம்.

மே 16

பெர்மிட் வந்துவிட்டது. அதன் எண்ணை விளம்பரத்தில் போட வேண்டுமாம். போட்டேன். சுவரில் மாட்டத் தப்பிக்கும் வழிப் படத்தைக் கெல்வினே வரைந்து தந்தார், ஒற்றைக் கதவுக்கு மூன்று அம்புக்குறி.

மே 23

அடிலெய்ட் தம்பதி மறுபடி பதிவு செய்து வந்தார்கள். வாசலில் கெல்வின் நின்றார். “இதைக் கீழ உருட்டக் கூடாது” என்று அவர்கள் சூட்கேஸைத் தானே தூக்கிக்கொண்டு பின் அறை வரை போனார். இடுப்பு என்ன ஆகும் என்று கத்தினேன். காதில் விழாத மாதிரி நடந்தார்.

ஜூன் 1

அடிலெய்ட்காரர்கள் எழுதிய விமர்சனம்: அறை பரவாயில்லை, படுக்கை கொஞ்சம் குழிவு, பக்கத்து வீட்டுக்காரர் அருமையான மனிதர்.

குழிவா? மத்தியானம் முழுக்க யாரோடும் பேசவில்லை. யாரோடும் என்றால் கெல்வினோடு.

ஜூலை 29

பிரிஸ்பேன். பேரனின் பிறந்தநாளுக்கு வந்திருக்கிறேன். காலை டிபனின்போது கெல்வினிடமிருந்து போன்.

“உன் அறை மேல ஒரு புகார் வந்துச்சு, கிளெனிஸ். பொறுப்பாளர்ங்கிற முறையில சொல்றேன்.”

தட்டை வைத்துவிட்டேன். “யாரு குடுத்தாங்க?”

“எதிர்வீட்டு மிஸஸ் ஃபாம். நேத்து சாயங்காலம் ஒரே பாட்டுச் சத்தம்னு என் போனுக்கு அடிச்சாங்க.”

“போய்ப் பாத்தீங்களா?”

“போக வேண்டி வரல. அங்கதான் இருந்தேன்.” ஒருமுறை இருமினார். “அயர்லாந்துப் பசங்க ரெண்டு பேர். கிட்டார் வச்சிருந்தாங்க. ஒரு பாட்டு எனக்கும் தெரிஞ்சிருந்துச்சு.”

“பாடினது யாரு, கெல்வின்?”

“சம்பந்தப்பட்ட ஆளைக் கடுமையா எச்சரிச்சிருக்கேன்.”

நான் சிரித்த சிரிப்பில் லாக்லன் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தான். வந்ததிலிருந்து வீட்டை விற்பது பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

“நீ எப்ப வர்ற?” என்றார் கெல்வின்.

“ஞாயித்துக்கிழமை.”

“அவ்வளவு நாளா.”

அப்புறம் இங்கே மழை, அங்கே குளிர் என்று ஏதோ பேசிவிட்டுப் போனை வைத்தார். நான் பிரியோனியின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஊருக்குப் போகும் வெள்ளிக்கிழமை விமானத்தில் ஜன்னலோர சீட் ஒன்று காலியாக இருக்கிறது.