நைனாவின் கம்ப்யூட்டருக்குப் புது டிஸ்க்

எனக்கும் தம்பிக்கும் மட்டும்தான் சொந்தம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த என் அருமை நைனாவுக்கு,

உன் கம்ப்யூட்டருக்குப் புது டிஸ்க் போட்டாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக நம் வீட்டுக்குப் போய் நானே மாட்டினேன். எஸ்.எஸ்.டி. என்கிறார்கள். சீட்டுக்கட்டை விட ஒல்லி, உள்ளே சுற்றுகிற தட்டு எதுவும் கிடையாது. சுவிட்சைத் தட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கிறது. பட்டனை அமுக்கிவிட்டு டீக்கடைக்குப் போய்த் திரும்புகிற ஆளாயிற்றே நீ, இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாய்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிட்டேன். இனி வருவதெல்லாம் வயிற்றெரிச்சல், பொறுத்துக்கொள்.

சாந்தோம் பக்கத்தில் நடக்கும் கல்யாணம், ஞானஸ்நானம், புதுநன்மை எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வந்து அந்தக் கம்ப்யூட்டரில்தான் வெட்டி ஒட்டுவாய். நான் உன் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். மௌஸில் கை வைத்தால் தட்டிவிடுவாய். படிக்கிற பெண்ணுக்கு இது எதற்கு, போய்ப் புத்தகத்தை எடு என்பாய். எடுத்தேன். படித்து, சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து, கல்யாணம் கட்டிக்கொண்டு அடையாறுக்குப் போனேன்.

அப்புறம் தம்பி சேவியருக்குப் பெண்டாட்டியாக ஜசிந்தா வந்தாள். நம்மைப் போலக் கடலோரத்துக் குடும்பம்தான், அவள் அம்மா மீன் விற்கிறவர். வந்த கொஞ்ச நாளிலேயே, என்னைத் தொடவிடாத மௌஸை அவள் கையில் கொடுத்தாய். கேமராவையும் கொடுத்தாய். ஏன் நைனா? அவள் கேட்டாளா? நான் கேட்கவில்லையா?

நீ போன பிறகு உன் தொழிலை அவள்தான் நடத்துகிறாள். நன்றாகவே நடத்துகிறாள், அதுதான் தாங்கவில்லை. கோவில் வாசலில் அவளை 'வீடியோக்காரர் மருமகள்' என்று நிறுத்திப் பேசுகிறார்கள். வீடியோக்காரருக்கு ஒரு மகளும் உண்டு என்று யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

போன மாதம் அவள் போனில் புலம்பினாள். உலையில் போட்ட அரிசி வெந்துவிடுகிறதாம், கம்ப்யூட்டர் எழுந்திருக்க மாட்டேன் என்கிறதாம். நானே புது டிஸ்க் வாங்கி வந்து மாட்டித் தருகிறேன் என்றேன். நாத்தனாருக்கு என்ன பாசம் என்று நினைத்திருப்பாள். எனக்கு வேண்டியிருந்தது கழற்றி எடுக்கும் பழைய டிஸ்க். புதியது வேகம், ஆனால் இடம் குறைவு. அவளுக்கு வேலைக்கு வேண்டியதை மட்டும் அதில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, நீ காலமெல்லாம் எடுத்த வீடியோக்களை அப்படியே என் வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அதுதான் என் கணக்கு.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால், காற்றாடியைச் சுற்றிக் காய்ந்த ஓலைத் துணுக்கு. குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொடுக்கும் ஓலையைச் சிலுவையாக மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். நீ வருஷா வருஷம் கம்ப்யூட்டரின் காற்றுத் துளைக்குள்ளும் ஒன்றைச் செருகியிருக்கிறாய். காவலாக இருக்கட்டும் என்று வைத்த சிலுவை உள்ளே விழுந்து காற்றாடியையே பிடித்துக்கொண்டிருக்கிறது. வயசான சத்தம் என்று நாம் நினைத்த கரகரப்பு அதுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அள்ளிக் குப்பையில் போடப் போனேன்.

"போடாதீங்க அண்ணி, மந்திரிச்ச ஓலை," என்று ஜசிந்தா தட்டை நீட்டினாள். "விபூதி புதனுக்குச் சாம்பலாக்க கோயில்ல குடுத்துடலாம். மாமா எப்பவும் ரெண்டு மடிப்பாரு, படத்துக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணு. இத நான்தான் சொருகுவேன்."

கோவிலில் கொடுக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும் நைனா. சின்னப் பிள்ளையில் நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதை நம் வீட்டில் வைத்து எனக்கே அவள் சொல்லித் தருகிறாள் என்றதும் காது சூடேறிவிட்டது. ஓலையைப் பொறுக்கித் தட்டில் போட்டேன்.

மற்றபடி வேலை சுலபம்தான். புது டிஸ்க்கை அதன் இடத்தில் வைத்துத் திருகி, இரண்டு ஒயர்களைச் சொருகி, விண்டோஸை ஏற்றினேன். ஏறி முடிப்பதற்குள் அவள் வஞ்சிரக் குழம்பு வைத்துச் சாப்பிடக் கூப்பிட்டாள். குழம்பில் குறை கண்டுபிடிக்கப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு, பழைய டிஸ்க்கை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். சண்டைக்குத் தயாராகத்தான் கேட்டேன். என்னென்ன பேச வேண்டும் என்று ஆட்டோவில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன்.

"எடுத்துக்குங்க அண்ணி. உங்க நைனாது, உங்களுக்கு இல்லாததா?" என்றாள். முகத்தில் ஒரு சுணக்கமும் இல்லை. "அதுல டெஸ்ட்டுனு ஒரு ஃபோல்டர் கீது. மறக்காம பாருங்க."

அவள் ஒரு வார்த்தை மறுத்திருந்தால் நிம்மதியாகத் திட்டிவிட்டு வந்திருப்பேன். யோசித்து வைத்ததெல்லாம் வீணாய்ப் போயிற்று. டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் லேப்டாப்பில் சொருகி, முதலில் என் கல்யாணத்தைப் போட்டேன். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நீ எங்கேயும் இல்லை. எப்படி இருப்பாய்? எடுத்ததே நீதான். என் கல்யாணத்தில் என் அப்பா ஒரு நிழலாகக்கூட விழவில்லை, "லைட்ட பாரும்மா" என்று ஒரு குரல் மட்டும் வருகிறது. இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் அவள் சொன்ன ஃபோல்டரைத் திறந்தேன். அதில் முழுக்க நீ. மாடியில், பிளாஸ்டிக் நாற்காலியில், லுங்கியோடு உட்கார்ந்திருக்கிறாய். அவள் கேமரா பிடிக்கப் பழகுவதற்காக வெயிலில் சளைக்காமல் உட்கார்ந்து கொடுத்திருக்கிறாய். நீ அசைகிற, சிரிக்கிற படம் இந்த உலகத்தில் இது மட்டும்தான் இருக்கிறது. அதையும் அவள்தான் எடுத்திருக்கிறாள். நேராகக் கேமராவைப் பார்த்து, எனக்கு ஒருநாளும் காட்டாத ஒரு சிரிப்பைச் சிரித்துவிட்டு, "ஜசிந்தா, கை ஆடுது பாரு. மூச்சப் புடிச்சிக்கோ" என்கிறாய்.

கண் என்னைப் பார்க்கிறது, வாய் அவள் பெயரைச் சொல்கிறது. எனக்குப் பொறாமை நைனா. செத்துப்போன அப்பனைப் பங்கு போட்டுக்கொள்ளவும் மனசு வராத பொறாமை. அவள் நல்லவளாக இருப்பதால் அது குறையும் என்று நினைத்தேன், கூடித்தான் போயிற்று.

ஒரு வாக்குத் தருகிறேன். டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் நகல் எடுத்து ஜசிந்தாவுக்குக் கொடுத்துவிடுவேன், ஒன்றையும் ஒளிக்க மாட்டேன். அவளுக்குச் சத்தத்தோடு கொடுக்கிறேன். என் வீட்டில் மட்டும், அவள் பெயர் வருவதற்குச் சற்று முன்னால் நான் சத்தத்தை அணைத்துவிடுகிறேன். அப்போது நீ என்னைத்தான் பார்க்கிறாய்.

இன்னும் வயிறு எரிந்துகொண்டிருக்கும் உன் ஒரே மகள்,
பிலோமினா