நோன்பு திறக்கையில் ஒரு குளிசை

நானா,

பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் வாசம் அசர் தொழுகைக்கு முன்னமே ஆலங்குடா முழுக்கப் பரவிவிட்டது. எல்லோருக்கும் வாயூற வைக்கிற வாசம்; நான் மட்டும் ஜன்னலைச் சாத்திவிட்டேன். உங்களைக் கொண்டுபோனதும் இப்படியொரு நோன்பு மாதம்தான்.

அதற்கு முந்திய வருடம் நீங்கள் கடலுக்குப் போவதை நிறுத்தினீர்கள். தூக்கம் இல்லை. வலைக்குள் இருந்து ஆட்கள் ஏசுவதாகச் சொன்னீர்கள். ஊர் ஜின் என்றது. ஓதிப் பார்த்த லெப்பையே, "தண்ணி ஓதித் தாறேன், ஆனா டொக்டர்ட்டயும் காட்டுங்க" என்றார். காட்டினோம். டொக்டர் தந்த குளிசை பிடித்தது. மறுபடி தோணி தள்ளினீர்கள். தங்கச்சி நான் ஆக்கிய மீன் ஆணத்தை, "கடல் தண்ணிகூட இவ்வளவு உப்பில்ல புள்ள" என்று நக்கலடித்தீர்கள். அதைக் கேட்டு உம்மா சந்தோஷத்தில் அழுதா.

பிறகு நோன்பு வந்தது. பகல் குளிசையை விட்டீர்கள். விடியமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்ப முடியவில்லை என்று இரவுக் குளிசையையும் விட்டீர்கள். கேட்டால், "நல்லாத்தானே இரிக்கேன், இனி என்னத்துக்கு?" என்றீர்கள். மகன் நோன்பு பிடிக்கிறான் என்று உம்மாவுக்கு ஒரே பெருமை. மாதம் முடியும் முன்னமே தூக்கம் போயிற்று, வலைக்குள் ஏச்சும் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கத்தினேன். "பெருநாள் முடியட்டும். சனம் என்ன கதைக்கும்?" என்றார் வாப்பா. பெருநாளன்று உங்கள் தோணி மட்டும்தான் கரைக்கு வந்தது.

கடலில் தவறிவிட்டார் என்று ஊர் சொல்கிறது. நோய்தான் கொண்டுபோனது என்று நான் சொல்கிறேன். எனக்கு எல்லோரிலும் கோபம், நானா. உங்களிலும்தான்.

இப்போது உங்கள் மகள். தலைவாருவதில்லை, சாப்பிடுவதில்லை, யாரோ கூப்பிடுவதுபோலத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். "பெருநாளைக்குப் பொறகு பாப்போமே" என்று உங்கள் மனைவி தொடங்கினா. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மறுநாளே கூட்டிப்போனேன். எங்கே பயணம் என்று பஸ்ஸில் ஊர்ப் பெண் ஒருத்தி கேட்டா. "மனநோய் கிளினிக்குக்கு" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். டொக்டரிடம் நோன்பைப் பற்றிக் கேட்டேன். "இந்தக் குளிசைய நோன்பு திறந்த பிறகு குடுக்கலாம். நீங்களா மட்டும் நிப்பாட்டிடாதீங்க" என்றார்.

இவ்வளவுதான் நானா. உங்களுக்காக ஒருவரும் இதைப் போய்க் கேட்கவில்லை.

நோன்பு திறக்கப் பாங்கு சொல்லியாயிற்று. பேரீச்சம்பழத்துக்குப் பிறகு குளிசையை அவள் கையில் வைத்தேன். விழுங்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். இன்றும் என் ஆணத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. உப்பு அதிகம் என்று அவள் என்னை ஏசப்போகும் நாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.