நித்திரை என்று சொல்லச் சொன்னது

பளை,
28.01.2025

அன்புள்ள ஸாஜிதாவுக்கு,

நீங்களும் உம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் கடிதத்தைப் பிரிக்காமலே வைத்துவிட உங்களுக்கு நியாயம் உண்டு. பிரித்துவிட்டீர்கள் என்றால் இணைத்திருக்கும் பிரதியையும் வாசியுங்கள்.

தை பிறந்தும் இங்கே மழை விடவில்லை. நீங்கள் தாதியாக இருந்த நம் ஆஸ்பத்திரிக் கொரோனா விடுதியில் இப்போது டெங்குக் காய்ச்சல்காரர்கள் படுத்திருக்கிறார்கள். நம்மோடு வேலை செய்த சிற்றூழியர் குகதாசன் ஓய்வுபெற்றுவிட்டார். போன வாரம் வீட்டுக்கு வந்தவர், நான் கேட்காமலே உங்களைப் பற்றிச் சொன்னார். "மிஸ்ஸி இப்பவும் போன் வச்சிருக்கிறேல்லையாம், டொக்டர்."

ஸ்கந்தபுரத்து முத்துலிங்கம் ஐயாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனாக் காலத்தில் ஒரு நாள் காலை ஆறரைக்கு அவர் உயிர் போனது. பரிசோதனை முடிவு வருமுன் வீட்டுக்குச் சொன்னால் உடலைக் கேட்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்று நினைத்தேன். அவருடைய தொலைபேசி அடித்தால் எடுத்து, ஐயா நித்திரை என்று சொல்லும்படி உங்களிடம் சொன்னேன். மகள் ஏழு தடவை அழைப்பு எடுத்தார். ஏழு தடவையும் சொன்னீர்கள். பின்னேரம் உண்மை தெரிந்தபின் எட்டாவது தடவை எடுத்தார். "மிஸ்ஸி, அப்பாவை ஒருக்கா எழுப்பிவிடுங்கோ எண்டு உங்களிட்டக் கேட்டனான்தானே." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

அதன்பின், நிறுத்திவைத்த தொலைபேசிகளும் அடிப்பதாக நீங்கள் சொன்னபோது, எங்களுக்கெல்லாம் காது இல்லையா, வேலையைப் பாருங்கள் என்றேன். மன நோய் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. களைப்பு என்று ஒன்று உண்டு, மற்றதெல்லாம் வேலை செய்யாதிருக்கச் சாட்டு என்று நினைத்தவள் நான்.

மகளின் முறைப்பாட்டின் பேரில் விசாரணை வந்தபோது, நான் நம்பாத அந்த மன நோயையே எடுத்து எழுதினேன். அப்படியொரு அறிவுறுத்தலை நான் கொடுக்கவில்லை, தாதி மனக்குழப்பத்தில் இருந்தவர், அவர் சொல்வதை ஏற்க முடியாது என்று. நீங்கள் மறுத்து ஒன்றும் எழுதாமல் வேலையை விட்டுப் போனீர்கள். அது எனக்கு வசதியாக இருந்தது.

ஐப்பசியிலிருந்து, விடுதியில் யாருடைய தொலைபேசி அடித்தாலும் அது நிற்கும்வரை நான் வெளியே போய் நிற்கிறேன். வவுனியாவில் மனநல டொக்டரிடம் மூன்று தடவை போய்வந்தேன். லீவுக் கடிதத்தில் முதுகுவலி என்று எழுதினேன். இப்போதும் பொய்தான்.

இணைத்திருப்பது சுகாதாரத் திணைக்களத்துக்கு நேற்றுப் பதிவுத்தபாலில் நான் அனுப்பியது. சொல்லச் சொன்னவள் நான் என்று அதில் இருக்கிறது. நீங்கள் நோயுற்றிருந்தது உண்மை, அதற்குக் காரணம் என் கட்டளை என்றும் இருக்கிறது. உங்களைத் திரும்ப வேலைக்கு எடுப்பார்களோ தெரியாது. விசாரணைக்குக் கூப்பிட்டால் தயவுசெய்து வாருங்கள். முதலில் நான் பேசுகிறேன். நீங்கள் என்னோடு பேச வேண்டியதில்லை.

உங்களுக்கு நல்ல நித்திரை வரவேண்டும் என்று எழுதி முடிக்கத்தான் நினைத்தேன். அந்தச் சொல்லை உங்களுக்குச் சொல்ல எனக்கு வாய் இல்லை. உம்மாவிடம் கேட்டு, அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அழகம்மா