ஊனா என்று இன்னொரு படகு

ஏப்ரல் 24
சிங்கி இறால் பருவம் தொடங்கிவிட்டது. அம்ப்ரோஸும் அவன் சித்தப்பா மகன் சிரிலும் எங்கள் படகு ‘ஊனா’வில் கூண்டுகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் துறைப் பக்கமே போகவில்லை. கடல் என்றாலே எனக்குப் பயம். மீனவன் பெண்டாட்டிக்கு நல்ல லட்சணம்!

மே 2
மத்தியானம் பக்கத்து வீட்டு லொரெட்டா கைப்பேசியை நீட்டியபடி ஓடிவந்தாள். அதில் செய்தி: மீன்பிடிப் படகு ஊனா மூழ்கியது, இருவர் பலி. அவ்வளவுதான். எந்த ஊர் என்று இல்லை. நியூஃபவுண்ட்லாந்தில் மே மாதம், கேட்க வேண்டுமா, வெளியே ஒரே மூடுபனி. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் சூப்பும் ரொட்டியுமாக அக்கம்பக்கத்தார் வந்து வீடு நிறைந்துவிட்டது. யாரோ ஜன்னல் திரைகளை இழுத்து மூடினார்கள், சாவு வீட்டில் செய்வதுபோல. “திறங்கடி அத! அவன் சாகல!” என்று கத்தினேன்.

சாயங்காலம் அம்ப்ரோஸ் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்கிறான். “என்ன கண்ணு, வீட்ல விசேஷமா? எங்கிட்ட சொல்லவே இல்ல?” வயர்லெஸ் நனைந்துவிட்டதாம்.

மூழ்கியது அயர்லாந்தில், வேறொரு ஊனா. லொரெட்டாவைக் கட்டிக்கொண்டு சமையலறையில் குதித்தேன்.

மே 3
இறந்தவர்கள் அண்ணன் தம்பி. படம் போட்டிருக்கிறார்கள். பெரியவனுக்கு மனைவி இருக்கிறாள்.
நான் குதித்தேனே — எதற்காகக் குதித்தேன்?

மே 4
படகின் பெயரை மாற்றச் சொன்னேன்.
“படகுக்குப் பேர மாத்துனா கடல் சும்மா விடாது, தெரியாதா? அதுவும் எங்கம்மா பேரு.” கைப்பேசியில் தேடிக் காட்டினான். “பாரு, போஸ்னியாவுல ஒரு ஆறு. இந்தியாவுல ஒரு ஊரு. பிரேசில்லயும் ஒண்ணு. எல்லாம் முழுகிடுச்சா?”
“ஆறு எப்படிடா முழுகும்?” என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

மே 6
சிரில் வரவில்லை. அவன் மனைவி பெர்னிஸ்தான் வந்தாள், உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். “செத்த படகு பேர வச்ச படகுல என் புருஷன ஏத்த மாட்டேன், ஃபிலோ. கோச்சுக்காத.”
அவள்மேல் எனக்கென்ன கோபம்? நான் சொன்னதைத்தானே அவளும் சொல்கிறாள்.

மே 7
துறையில் அம்ப்ரோஸ் யாரைத் துணைக்குக் கூப்பிட்டாலும் ஒரு சாக்கு. கூண்டுகள் கடலில் கிடக்கின்றன. தனியாகப் போகிறானாம். தனியாகப் போகிறவனுக்குக் கூண்டுக் கயிற்றில் கால் மாட்டினால் அறுத்துவிடக்கூட ஆள் கிடையாது. “பேர மாத்து, இல்ல வீட்ல கெட!” என்று கத்தினேன். “ரெண்டும் முடியாது,” என்றான். ஒரு தட்டை உடைத்தேன்.

அந்தத் திரையை மூடிவிட்டு என்னை மறுபடியும் உள்ளே உட்கார வைப்பார்கள். முடியாது. என்னால் முடியவே முடியாது.

மே 9
எத்தனை சோப்புப் போட்டும் கையில் இரை மீன் நாற்றம் போகவில்லை. “காத்துக்கு எதிர வாந்தி எடுக்காதடி, என் மேலயே வருது!” என்று அம்ப்ரோஸ் அலறினான். அவன் கூண்டைத் தூக்க, நான் இரை வைத்தேன். கயிறு அவன் காலைச் சுற்றி வரும்போதெல்லாம் எட்டி உதைத்து விலக்கினேன். பயம் போகவில்லை. நாளைக்கும் போகிறேன்.

திரும்பி வந்தபோது வீடு இருட்டாக இருந்தது. உள்ளே யாரும் காத்திருக்கவில்லை.