வாங்காமல் வந்த கேடயம்

சனிக்கிழமை, ராஜபாளையம்.

எனக்குத் தலைசுற்றல் எதுவும் வரவில்லை. வந்துவிட்டதாக மருமகள்தான் போனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் நிதானமாகத்தான் மேடையை விட்டு இறங்கினேன்.

மறைந்த என் கணவருக்கு இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பாராட்டு விழா. அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு வரை சைக்கிளில் போய், வீடு வீடாகப் பேசிப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தவர். அவர் சார்பில் கேடயத்தை நான் வாங்குவதாக இருந்தது. அவர் பள்ளி மாணவி மாரியம்மாள் வரவேற்புரை என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தார்கள். மைக் முன் நின்றதோ பட்டுப்பாவாடை கட்டிய ஒரு தனியார் பள்ளி மாணவி. மாரியம்மாள் சீருடையில், பன்னீர்ச் செம்போடு ஓரமாக நின்றாள்.

பக்கத்தில் இருந்த விழாச் செயலாளரிடம் கேட்டேன்.

“அந்தப் பிள்ளைக்குக் கூச்சம்மா. இதுன்னா இங்கிலீஷ்லயும் பேசும்.”

“கூச்சம்னு அவ சொன்னாளா, நீங்களா சொல்லுதீகளா?”

மாரியம்மாளையே கூப்பிட்டுக் கேட்டேன்.

“அம்புட்டும் மனப்பாடமா இருக்கு ஆச்சி. டிரெஸ் சரியில்லன்னுட்டாக.”

கான்வென்டில் படித்தபோது நானும் அப்படி முன்னால் நிறுத்தப்பட்டவள்தான். யாரை விலக்கிவிட்டு என்னை நிறுத்தினார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இன்றைக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

நான் வாங்காமல் வந்த கேடயத்தை நாளை வீட்டுக்கே கொண்டு வருவதாகச் செயலாளர் போன் செய்தார். அவருக்கு இப்போதுதான் கடிதம் எழுதி ஒட்டினேன். அதில் இருப்பது இவ்வளவுதான்:

கேடயம் வேண்டாம். மாரியம்மாளை மாற்றச் சொன்னது யார்? எழுத்தில் பதில் அனுப்புங்கள்.