வாய் மூடிய நாலு

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாம் வருஷம் மட்டும் கிடைக்கவில்லை. அடுத்த மாதக் கண்காட்சிக்கு எங்கள் வாட்ச் சேகரிப்பாளர் குழு போட்ட திட்டம் இதுதான்: ஒரே மாடல் கைக்கடிகாரம், அது வெளிவந்த பதினெட்டு வருஷமும், வருஷத்துக்கு ஒன்றாக ஒரே வரிசையில். பதினேழு சேர்ந்துவிட்டது. நடுவில் ஒரு பல் விழுந்த மாதிரி மூன்றாவது இடம் காலி. குழுத் தலைவர் பல் டாக்டர் வேறு, அவருக்கு அது தாங்கவே இல்லை.

என் சொந்த வாட்ச் ஒன்றே ஒன்றுதான். ஒன்பதாம் வருஷத்தது. அதை வாங்கிய பிறகு மனைவி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. மற்றபடி குழுவுக்கு நான் கண். மருந்து அட்டைப்பெட்டி அச்சைச் சரிபார்ப்பதே பிழைப்பாகப் போனவனுக்கு ஒரு புள்ளி நகர்ந்தாலும் உறுத்தும்.

"எல்லாம் ஒரே வாட்ச்தானே, எதுக்குப் பதினெட்டு?" என்று இன்றும் கேட்டாள்.

ஒரே வாட்சா! முதல் ஐந்து வருஷம் நொடி முள்ளின் நுனி ஊசியாக இருக்கும், பிறகு கொஞ்சம் சதை போட்டுவிடும். இருட்டில் ஒளிரும் புள்ளிகள் பழையதில் டீக்கறை நிறத்துக்கு வந்திருக்கும், புதியதில் வெள்ளையாகவே நிற்கும். முக்கியமாக அந்த 4. ஆரம்ப வருஷங்களில் அதன் மேல்பக்கம் திறந்திருக்கும், ஆறாம் வருஷத்திலிருந்து மூடிவிட்டார்கள். நாங்கள் 'வாய் திறந்த நாலு', 'வாய் மூடிய நாலு' என்போம். நிறுவனம் இதையெல்லாம் எங்கேயும் அறிவித்ததில்லை. சத்தம் போடாமல் மாற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காய்கறி வாங்கிட்டு வரச் சொன்னா மட்டும் முத்தலா பிஞ்சான்னு தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மூன்றாம் வருஷ வாட்ச் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. அக்கா வீட்டுக்காரர் கையில். அத்தான் கப்பலில் எஞ்சினியராக இருந்தவர், முதல் பயணம் முடிந்து திரும்பும்போது ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கியது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் கையில் கொடுத்திருப்பாரா? கேட்டால், "தூரத்துல இருந்து பாருங்க ஆராய்ச்சி, நல்லாத் தெரியும்" என்பார். எனக்கு அவர் வைத்த பெயரே ஆராய்ச்சி.

மார்ச் 6, வெள்ளி

அக்கா போன் செய்தாள். "ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் சாப்பிட வாங்க. வாட்ச நான் வாங்கித் தர்றேன். அவர் என்ன, பெருசா பிகு பண்றாரு." அக்கா என்றால் அக்காதான்.

பூதக்கண்ணாடியைத் துடைத்து வைத்தாயிற்று.

மார்ச் 8, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுதாமல் தூக்கமும் வராது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அக்கா அத்தான் கையிலிருந்து வாட்சைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "அட, இரு, இரு" என்று அவர் எழுந்தார். அதற்குள் நான் ஜன்னல் பக்கம் போய்விட்டேன். பட்டை மாட்டும் இடத்தில் பொறித்திருந்த எண் மூன்றாம் வருஷத்தது, சந்தேகமில்லை. முள் ஊசி நுனி, அதுவும் சரி. டயலைப் பார்த்தேன். புள்ளிகள் பளிச்சென்று வெள்ளை. நாலு? நாலின் வாய் மூடியிருந்தது.

என் வாய்தான் மூடியிருக்க வேண்டும்.

"அத்தான், இது இந்த வாட்ச்சோட டயலே இல்ல! பின்னாடி வந்தது. யாரோ மாத்தியிருக்காங்க. உங்க தலையில மொளகா அரைச்சுட்டாங்க!" என்று கத்தினேன். சந்தோஷமாக வேறு கத்தினேன். கண்டுபிடித்துவிட்டேன் இல்லையா, பெரிய ஆள்!

அத்தான் வந்து வாட்சைப் பிடுங்கிக்கொண்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "உன் கண்ணாடியத் தூக்கிக்கிட்டு மொதல்ல கெளம்பு. எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒளறாத." 'ஆராய்ச்சி' இல்லை, 'வாங்க போங்க' இல்லை. நேராக 'கெளம்பு'.

பாதிச் சாப்பாட்டில் வந்துவிட்டோம்.

மார்ச் 9, திங்கள்

அத்தான் போனை எடுக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

எடுக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

நான் சொன்னதில் என்ன தப்பு? உள்ளதைத்தானே சொன்னேன்? பதினேழு வாட்ச்சின் படங்களையும் மறுபடி விரித்து வைத்துப் பார்த்தேன். மூன்றாம் வருஷத்தில் வாய் மூடிய நாலு கிடையாது. கிடையவே கிடையாது. என் கண்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. கிழவர் ஏமாந்ததற்கு என்மேல் எரிந்து விழுந்தால் நான் என்ன செய்ய முடியும்?

இதைச் சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போல. இவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்கு டயல் தெரியுது, மூஞ்சி தெரியல. அன்னிக்கு அண்ணி மூஞ்சியப் பாத்தீங்களா? ரத்தமே இல்ல."

அக்கா முகமா? அக்கா எதற்கு வெளுக்க வேண்டும்?

நான் பார்க்கவே இல்லையே.

மார்ச் 14, சனி

மதியம் ஆபீஸ் வாசலில் அக்கா. தனியாக. குடையை மடக்கக்கூட இல்லை.

"தம்பி, அந்த டயல் பேச்ச இதோட விட்ருடா" என்று ஆரம்பித்தவளுக்குக் கண் நிரம்பிவிட்டது. காண்டீனுக்குக் கூட்டிப் போய் உட்காரவைத்தேன். அங்கே வைத்துத்தான் எல்லாம் சொன்னாள்.

அத்தான் வாட்ச் வாங்கி நாலு வருஷம் கழித்துத்தான் கல்யாணம். கல்யாணமான புதிது. அத்தான் வாட்சை வீட்டில் பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டு அடுத்த கப்பலுக்குப் போயிருக்கிறார். அக்கா பத்திரமாக வைக்கவில்லை. கட்டிக்கொண்டாள். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ அந்த ஊர் நேரத்துக்கு முள்ளைத் திருப்பி வைத்துக்கொள்வாளாம். "இப்ப தூங்குவாரு, இப்ப சாப்பிடுவாருன்னு பாத்துக்கிட்டே இருப்பேன்டா. வேற என்ன இருந்துச்சு எனக்கு?" ஒரு நாள் நேரம் மாற்றிவிட்டு, முள்ளைத் திருப்ப வெளியே இழுத்த திருகுக் குமிழை உள்ளே தள்ள மறந்து, அப்படியே துணி துவைக்க உட்கார்ந்துவிட்டாள். உள்ளே தண்ணீர் போய் டயல் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. கம்பெனி சர்வீஸ் கடையில் டயலை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். அவர்களிடம் அப்போது இருந்தது புது மாதிரி டயல்தான்.

"அச்சு அசல் அதே மாதிரிதானடா இருந்துச்சு! அவர் வந்து பாத்தப்ப ஒண்ணுமே சொல்லல. அவர் ஆசப்பட்டு வாங்கின மொத பொருள கெடுத்துட்டேன்னு எப்படிச் சொல்றது? இன்னிக்கிச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... இப்பப் போய்ச் சொன்னா, இத்தன வருஷமா மறைச்சாளேன்னு நெனைக்க மாட்டாரா?"

அந்த நாலின் வாயை ஒரு மனிதன் பார்ப்பான் என்று அவள் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள். பார்க்கிற வேலையற்றவன் அவள் கூடப்பிறந்தே தொலைத்திருக்கிறான்.

சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மெலிஞ்சு போயிட்டே" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் மெலியவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

காலையிலேயே அத்தான் போன். "பூங்கா பக்கம் வாங்க ஆராய்ச்சி." அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய தோல் பட்டையை எடுத்துக் கொடுத்தார். வாட்ச் வாங்கியபோது கூட வந்த பட்டை. இறுகி, வெடித்து, கறுத்துப்போயிருந்தது. கம்பெனி போட்ட ஓட்டைகளைத் தாண்டி உள்பக்கமாக, ஆணியால் குத்தின மாதிரி ஒரு ஓட்டை.

"இது யார் கை அளவு தெரியுதா?"

தெரிந்தது. அக்கா மணிக்கட்டு குச்சி மாதிரி இருக்கும்.

"கப்பல்ல இருந்து வந்த அன்னிக்கே பாத்துட்டேன். நாலு மாறியிருந்துச்சு. நீங்க மட்டும்தான் கண்ணு வெச்சிருக்கீங்களா? எஞ்சின் ரூம்ல நாள் பூரா டயலப் பாக்கிறவன் நான். மொதல்ல திக்குனு இருந்துச்சு. அப்புறம் இந்த ஓட்டையப் பாத்தேன். சரி, கட்டியிருக்கா. நான் இல்லாதப்ப இத கட்டிக்கிட்டு இருந்திருக்கா. அப்புறம் கோபம் எங்கேர்ந்து வரும்?"

"கேட்டிருக்கலாமே அத்தான்?"

"கேட்டா அழுதுடுவா. அவளே சொல்லட்டும்னு இருந்தேன். சொல்லல. சரி, சொல்லாட்டியும் போகுது. எனக்குத் தெரியாதுன்னு அவ நிம்மதியா இருக்கா, அத ஏன் கெடுக்கணும்? அதுக்குத்தான் உங்ககிட்ட குடுக்கறதே இல்ல. நீங்கதான் கண்டுபிடிச்சா ஊருக்கே தண்டோரா போடுவீங்களே."

இந்த மனிதரைத்தான் கஞ்சன் என்று இந்த நோட்டிலேயே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்!

பிறகு கேட்டார்: "எனக்காக ஒண்ணு செய்யணும். நீங்க பாத்தது தப்புன்னு அவ முன்னாடி சொல்லிடுங்க."

தப்பா? நானா? வேறு எதைக் கேட்டிருந்தாலும்—

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆக, அக்கா சொன்னதை அத்தானிடம் சொல்லக் கூடாது, அத்தான் சொன்னதை அக்காவிடம் சொல்லக் கூடாது. வயிறு உப்பிக்கொண்டு வருகிறது. இவளிடம் மட்டும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "நான் உங்க வாட்ச ஒரு நாள்கூட கட்டிப் பாத்ததில்ல" என்றாள்.

மார்ச் 22, ஞாயிறு

சொன்னேன். அதே சாப்பாட்டு மேஜை. நேற்று முழுக்கக் கண்ணாடி முன்னால் ஒத்திகை வேறு.

"அத்தான், மன்னிச்சுக்கங்க. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். டயல் மாத்துறதுக்கு முன்னாடி கம்பெனி கொஞ்சம் வெள்ளோட்டம் விட்டிருக்கான். அப்படி வந்த பீஸ் இது. எல்லாம் பொறக்கும்போதே வந்ததுதான்."

"நான் அன்னிக்கே சொன்னேன்ல!" என்று அத்தான் மேஜையைத் தட்டினார். என்ன நடிப்பு! அக்கா என் தட்டில் மேலும் மேலும் போட்டுக்கொண்டே இருந்தாள். இவள் குனிந்த தலை நிமிரவில்லை, சிரிப்பை அடக்கத்தான்.

எல்லாம் சுபம் என்று கை கழுவும்போது அக்கா சொன்னாள்: "அப்பறம் என்ன, கண்காட்சியில வெச்சுட வேண்டியதுதானே?"

போச்சு. அங்கே பல் டாக்டர் இருக்கிறார்.

ஏப்ரல் 3, வெள்ளி

அட்டை எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு வாட்ச்சின் கீழும் ஒரு அட்டை. வழக்கமாக 'அனைத்துப் பாகங்களும் அசல்' என்றோ 'முள் மாற்றப்பட்டது' என்றோ நான்தான் எழுதுவேன். என் எழுத்தை யாரும் மறுத்துப் பேசியதில்லை. வாயால் பொய் சொன்னது வேறு. அச்சில் பொய் போட்டால் நான் நானில்லை. நாலு அட்டையைக் கிழித்துப் போட்டேன்.

கடைசியில் எழுதியது: 'மூன்றாம் வருஷம். வாங்கிய நாள் முதல் ஒரே வீட்டில்.'

இதில் பொய் இல்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

கண்காட்சி. பதினெட்டும் வரிசையாக விளக்குக்குக் கீழே. ஒரு நிமிஷம் எனக்கே மூச்சு நின்றது.

அக்காவும் அத்தானும் நேராக மூன்றாவது இடத்துக்கு வந்து, பிள்ளை மேடையேறினதைப் பார்க்கிற பெற்றோர் மாதிரி நின்றார்கள். அதே நேரத்தில் டாக்டரும் வந்தார். குனிந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"என்னங்க இது? நாலு மூடியிருக்கு. புள்ளியும் வெள்ளை. டயல் மாத்தினது போல இருக்கே?"

அக்கா கை அத்தான் சட்டையைப் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை நான் முகத்தைப் பார்த்தேன். வாட்சைப் பார்க்கவில்லை.

"இல்ல டாக்டர்" என்றேன். "வெள்ளோட்டம் விட்ட பீஸ். அபூர்வம். நான் நல்லாப் பாத்துட்டேன்."

"நீங்க பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"அப்ப சரி. நீங்க சொன்னா அப்பீலே கிடையாது" என்று என் தோளைத் தட்டிவிட்டு நாலாவது வாட்ச்சுக்கு நகர்ந்தார். இத்தனை வருஷம் சேர்த்துவைத்த நல்ல பெயரை ஒரே வாக்கியத்தில் செலவழித்தேன். வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அக்கா மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

ஏப்ரல் 26, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். அத்தான் பின்கட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"ஏண்டா, அன்னிக்கு அந்த டாக்டர் கேட்டாரே, அப்ப நான் பயந்துபோய் இவரப் பாத்தேன். இவரு வாட்சப் பாக்கல, டாக்டரப் பாக்கல. உன்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு, சொல்லிடாதேங்கிற மாதிரி. அவருக்குத் தெரியும்டா. ரொம்ப நாளாவே தெரியும் போல."

நான் திருதிருவென்று முழித்தேன். என் முகத்தைப் பார்த்தாலே போதுமே அவளுக்கு. சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்தாள்.

"எனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடாத, என்ன? இத்தன வருஷம் காப்பாத்தியிருக்காரு. பாவம், அப்படியே இருக்கட்டும்."

அதற்கும் சத்தியம் செய்து கொடுத்தேன். இனி இந்த வீட்டு ரகசியம் ஒன்றுகூட எனக்குத் தாங்காது.

மே 9, சனி

என் வாட்ச் பட்டையில் புதிதாக ஒரு ஓட்டை இருக்கிறது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 2, வியாழன்

டாக்டர் போனில் குதிக்கிறார். வெளியூரில் யாரோ ஒரு அம்மாவிடம் மூன்றாம் வருஷ வாட்ச் இன்னொன்று கிடைத்திருக்கிறதாம். அதிலும் வெள்ளைப் புள்ளி, அதிலும் வாய் மூடிய நாலு. "நீங்க சொன்ன வெள்ளோட்டம் இப்ப நிரூபணமே ஆயிடுச்சு! ஒண்ணுன்னா தற்செயல், ரெண்டுன்னா சும்மாவா?"

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் என்ன வேலையில் இருந்தார் என்று கேட்டேன்.

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? லாரி ஓட்டினாராம். மாசத்துல பாதி நாள் வெளியூர்தானாம்."

நல்ல பீஸ் டாக்டர், தயவுசெய்து யாரும் அந்த டயலை மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.