பேட்சோடு வந்த மாத்திரை

கோட்டாறு
14.11.2025
அய்யா துணை

அன்பு மகள் நந்தனாவுக்கு அம்மா ஞானம் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று அய்யாவை நம்பி இருக்கிறேன். இங்கே கடை சுகம், அப்பா சுகம், என் சுகம் மட்டும் இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ரிசல்ட் வரவேண்டும், வாங்க அப்பா போயிருக்கிறார், வந்ததும் இந்தக் கடிதத்தின் கடைசியில் எழுதிவிடுவேன். கதைப் புத்தகம் கொடுத்தால் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவள் நீ, இப்போதும் அதைத்தான் செய்வாய், போய்ப் பார்த்துவிட்டு வா, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் கடையில் நான் போனை எடுத்தால் கம்போளச் சந்தையே காதைக் கொடுக்கிறது, வீட்டில் பேசினாலோ நீ பாதி கேட்டதும் டிக்கெட் எடுத்துவிட்டு மீதியைக் கேட்பாய். உன்னோடு படித்த சிஜின் லீவு முடிந்து நாளை அயர்லாந்துக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

எனக்கு மாதவிலக்கு நின்றதையும் அதற்குப் பிறகு வந்த கூத்தையும் உனக்குக் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன். போன வருஷம் ஆனியில் ஆரல்வாய்மொழியில் ஒரு கல்யாணம், காற்றாலை எல்லாம் தலைதெறிக்கச் சுற்றுகிற காற்று, மற்ற பெண்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்க நான் ஒருத்தி மட்டும் குளத்திலிருந்து ஏறி வந்தவள் மாதிரி வியர்த்து நின்றேன். ராத்திரி உறக்கம் கிடையாது, பகலில் வாடிக்கைக்காரர்களிடம் வேண்டுமென்றால் எடும், இல்லையென்றால் நடையைக் கட்டும் என்கிற பேச்சு. உன் அப்பா ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், ஏட்டி, ஒனக்கு மாறுற வயசுன்னா நீ மாறிக்கோ, என்னைய என்னத்துக்குப் போட்டு வறுக்க என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் டாக்டர் சகாயசெல்வியிடம் போனேன். ரத்தம் எங்காவது கட்டியிருக்கிறதா, மார்பில் கட்டி வந்திருக்கிறதா, வீட்டில் யாருக்காவது புற்று உண்டா என்று குடும்ப வரலாறே கேட்டு, பிரஷரும் பார்த்து, மார்புக்குப் படமும் எடுத்த பிறகுதான் தோலில் ஒட்டுகிற ஹார்மோன் பேட்ச் எழுதினார். சித்திரையில் ஆரம்பித்தேன். திங்களும் வியாழனும் ஒன்று, இடுப்புக்குக் கீழே, ஒரு தடவை இடப்பக்கம் மறுதடவை வலப்பக்கம், மார்பில் மட்டும் ஒட்டவே கூடாது, தோலில் எண்ணெய் பவுடர் ஒன்றும் இருக்கக் கூடாது. எண்ணெய் தேய்க்காமல் குளித்தால் அது குளியலா? முதல் வாரமே ஒன்று வழுக்கிப் போய்விட்டது. தேடிப் பார்த்தால் உன் அப்பாவின் பனியனில் ஒட்டிக்கொண்டு மணிமேடை ஜங்ஷன் வரைக்கும் போய் வந்திருக்கிறது. எனக்கு எதாவது வளந்துருமாட்டி என்று மூன்று நாள் கண்ணாடி பார்த்தார். டாக்டரிடம் கேட்டதற்கு, ஒன்றும் ஆகாது, இனி கழற்றுகிற பழைய பேட்சைக்கூட ஒட்டுகிற பக்கம் உள்ளே போக மடித்துக் குப்பையில் போடுங்கள், குழந்தைகள் கையில் படக்கூடாது என்று சொல்லிச் சிரித்தார்.

ஒரு மாதத்தில் ஆள் மாறிவிட்டேன். உறங்கினேன், சிரித்தேன், உன் அப்பாவோடு திற்பரப்பு அருவிக்குக்கூடப் போனேன் என்றால் பார்த்துக்கொள். தப்பு நடந்தது வேறு இடத்தில். பேட்சோடு தினம் ராத்திரி போட ஒரு மாத்திரையும் எழுதியிருந்தார். பக்கத்துக் கடை சைனப் பீவியும் இதே பேட்ச்தான் ஒட்டுகிறாள், அவளுக்கு மாத்திரை கிடையாது. என் சீட்டைப் பார்த்துவிட்டு, ஞானக்கா, ஒனக்குக் கூடுதலா ஒண்ணு தலையில கெட்டிட்டாவ என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஓடுகிற பிஸ்கட் பத்துப் பெட்டி வேண்டுமென்றால் ஓடாத பிஸ்கட் இரண்டு பெட்டி எடுத்தே ஆகவேண்டும் என்று கம்பெனிக்காரன் என் தலையில் கட்டாத மாதம் உண்டா? நானும் யோக்கியம் இல்லை, புதுப்புளி கேட்டு வந்தவர்களிடம் பழைய மல்லியைச் சேர்த்துத் தள்ளியவள்தான். இருபத்தாறு வருஷம் இந்த வித்தையில் பிழைத்தவளிடமேவா என்று மாத்திரை அட்டைகளை பீரோவில் போட்டுப் பூட்டினேன். டாக்டர் கேட்டபோதெல்லாம் போடுகிறேன் என்று கூசாமல் சொன்னேன்.

ஐப்பசி பிறந்து ஐந்தாம் நாள் உதிரம் பட்டது. ஒன்றரை வருஷமாக இல்லாதது. இரண்டு நாளில் நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை, ஆறாம் நாள் டாக்டரிடம் போனேன். முதல் நாளே வந்திருக்க வேண்டும் என்பது முதல் திட்டு. ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்படலம் தடித்துக் கிடக்கிறது என்றார், அப்போதுதான் பீரோ சங்கதியைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அக்கா, பேட்ச் உள்ள படலத்த வளத்துட்டே போவும், அத வளரவிடாமப் புடிச்சு வைக்கதுக்குத்தான் மாத்திரை, கர்ப்பப்பை எடுத்தவங்களுக்குத்தான் அது வேண்டாம், ஒங்களுக்கு உள்ளதான இருக்கு என்றார். சைனப் பீவிக்கு கர்ப்பப்பை எடுத்து எட்டு வருஷம் ஆகிறது, ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு போனவளே நான்தான், அந்த நினைப்பு எனக்கு வரவில்லை பார். கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். புற்றா இல்லையா, அதுதான் இன்று தெரியவேண்டியது.

காத்திருக்கிற நேரத்தில் உன் வீட்டுச் சங்கதி ஒன்று. பேரனைப் பார்க்க வந்த உன் மாமியார் அந்தக் குளிரிலும் ஜன்னலைத் திறந்து போடுகிறார், கேட்டால் சண்டைக்கு வருகிறார் என்று புலம்பினாயே, அவருக்கு என்ன வயசு, ஐம்பத்தொன்று. அது மாமியார் குணம் இல்லை மக்கா, நீ ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாயை மூடு. அங்கேயே ஒரு டாக்டரிடம் கூட்டிப்போ. மார்பில் கட்டி எடுத்தவர் என்பதை முதல் பேச்சாகச் சொல்லச் சொல், அப்படிப்பட்டவர்களுக்கு இந்த ஹார்மோன் ஆகாமல் போகலாம், வேறு வைத்தியம் இருக்குமாம். அம்மாவிடம் மீதி பேட்ச் இருக்கிறதே, அனுப்பச் சொல்வோம் என்று மட்டும் கணக்குப் போடாதே, ஒருத்திக்குத் தைத்த ஜாக்கெட்டை மற்றவளுக்குப் போட்டுவிடுகிற வேலை அது.

மணி ஐந்தே முக்கால். அப்பா வந்துவிட்டார். கவரை மேசையில் வைத்தார், கிழிக்கப் போனேன். அப்புறம்தான் பார்த்தேன், கவரின் மேலேயே டாக்டர் தமிழில் எழுதியிருக்கிறார்: புற்று இல்லை, தடிப்பு மட்டும்தான், நாளைக் காலையில் வாருங்கள். அவரிடம் போனிலும் பேசினேன். மூன்று மாதத்துக்குப் பேட்ச் கிடையாது, வெறும் மாத்திரை மட்டும், மறுபடி ஸ்கேன் பார்த்துத்தான் மற்றது. எதை வேண்டாத சரக்கு என்று ஒதுக்கினேனோ அது மட்டும்தான் இனி எனக்கு. வியர்வையும் கோபமும் திரும்ப வருமே என்று உன் அப்பா இப்போதே கடையின் மறுகோடியில் நாற்காலி போட்டிருக்கிறார்.

நான் எழுந்து குடோனுக்குப் போய் வற்றல் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் நின்று அழுதேன். நீ பிறந்த பிறகு இப்படி அழுததில்லை. கண் சிவந்து வெளியே வந்தால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, மிளகாய் நெடி என்று நினைத்திருப்பார்கள், உன் அப்பா மட்டும் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். போன மூன்று ஞாயிறும் குரல் ஏன் அடைத்திருக்கிறது என்று நீ கேட்டபோது தடிமன், ஜலதோஷம் என்று சொன்னது பொய் மக்கா. மூன்று தடவையும் போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் உன் முகம் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் எல்லோருக்கும் அய்யா நீண்ட ஆயுசும் நல்ல உறக்கமும் தரட்டும். சிஜினிடம் ஏத்தங்காய் வற்றல், அதுதான் நேந்திரம் சிப்ஸ், இரண்டு கிலோ கொடுத்திருக்கிறேன், எடை போட்டு வாங்கு. பிப்ரவரி பதினாலு எனக்கு ஸ்கேன், அன்றைக்கு உன் வேலை நேரத்தை மாற்றி வைத்துக்கொள், உள்ளே போகும்போது போனில் நீ இருக்கவேண்டும்.

உன் அம்மா,
ஞானம் கிருஷ்ணமணி